வேம்பும் அடையாளமும்: சமூக ஊடகத் தரவுத் தனியுரிமை ஆய்வுகள் குறித்து ஒரு மதிப்பீடு

சமூக ஊடகம் இன்று தமிழாய்வின் களங்களுள் ஒன்று. முகநூல் கவிதைகள், கலப்புமொழி, வசவுச் சொற்கள், சாதிப் பெருமிதப் பதிவுகள், மீம்களின் மொழிநடை எனத் தலைப்புகள் பெருகியுள்ளன. ஓலைச்சுவடியைப் பதிப்பித்தவர்களும் கல்வெட்டைப் படியெடுத்தவர்களும் எதிர்கொள்ளாத ஒரு சிக்கல் இக்களத்தில் உண்டு. இங்கே மூலபாடத்தை எழுதியவர் உயிரோடிருக்கிறார். அவருக்குக் குடும்பம், அலுவலகம், ஊர், சாதி ஆகிய சூழல்கள் உள்ளன. தாம் எழுதியதை நாளை அவர் அழித்துவிடக்கூடும். அழித்த பின்னும் அது நம் ஆய்வேட்டில் இருக்கும். சமூக ஊடகத் தரவின் தனியுரிமை குறித்துக் கடந்த இருபது ஆண்டுகளில் கணினியியலாரும் சமூகவியலாரும் சட்ட அறிஞரும் செய்துள்ள ஆய்வுகளின் போக்கை மதிப்பிடுவதும், அவற்றிலிருந்து தமிழாய்வாளர் எடுத்துக்கொள்ள வேண்டுவன யாவை என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சொல்லைப் பற்றி முதலில் ஒன்று கூறவேண்டும். 'தனியுரிமை' என்னும் இன்றைய வழக்கு, தனி ஒருவருக்குரிய உடைமை என்ற பொருளை முன்னிறுத்துகிறது. 'அந்தரங்கம்' என்பதோ உள்ளே இருக்கும் ஒன்றை, சிலருக்கு மட்டும் திறக்கும் ஒன்றைச் சுட்டுவது. ஆய்வுலகின் பெரும்பகுதி முதற்பொருளிலேயே நின்றுவிட்டது என்பதும், இரண்டாம் பொருளை அது காலந்தாழ்த்தியே கண்டுகொண்டது என்பதும் கீழே கூறப்படுவனவற்றால் விளங்கும்.

பயனர் மீது விழுந்த பார்வை

தொடக்ககால ஆய்வுகள் பயனரையே குறிவைத்தன. 2005இல் ரால்ஃப் கிராஸ், அலெஸான்ட்ரோ அக்விஸ்டி ஆகிய இருவரும் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் 4,000 பேருக்கு மேற்பட்டோரின் ஃபேஸ்புக் பக்கங்களை ஆராய்ந்தனர். பிறந்த நாள், தொலைபேசி எண், இருப்பிடம் எனப் பலவற்றை மாணவர்கள் தாராளமாக வெளியிட்டிருந்தனர். காப்பு அமைப்புகளை மாற்றிக்கொண்டவர்கள் மிகச் சிலரே. அடுத்த ஆண்டு சூசன் பார்ன்ஸ் இந்நிலையைத் 'தனியுரிமை முரண்' எனக் குறித்தார். கவலை இருப்பதாகச் சொல்பவரே அனைத்தையும் வெளியிடுகிறார் என்பது இதன் சாரம். இத்தொடர் ஆய்வுலகை நெடுங்காலம் ஆட்சி செய்தது. வினாநிரல் தயாரித்து, கவலையை ஓர் அளவுகோலிலும் செய்கையை மற்றோர் அளவுகோலிலும் அளந்து, இரண்டுக்கும் இடைவெளி இருப்பதாக முடிவு கூறும் கட்டுரைகள் எண்ணிறந்தன. ஒன்றைப் படித்தவர் ஒன்பதைப் படித்தவராவார்.

இவ்வகை ஆய்வு அறிவித்த முடிவைவிட அது மறைத்தது மிகுதி. முரண் பயனரிடம் இருப்பதாகக் கொண்டால் அறிவுரையும் அவருக்கே போகும். அமைப்பை வடிவமைத்தவர் தப்பித்துக்கொள்வார். டேனியல் சோலோவ் 2021இல் இம்முரணையே ஒரு கட்டுக்கதை என மறுத்தார். குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒருவர் எடுக்கும் முடிவைக் கொண்டு அவர் தனியுரிமையைப் பொதுவாக மதிக்கவில்லை எனக் கூறுவது தருக்கப் பிழை என்பது அவர் வாதம். அது ஏற்கத்தக்கதே. ஊர்க் கிணற்றடியில் பேசுபவள் வீட்டுக் கதவைத் தாழிடுவதில் முரண் ஏதும் இல்லை.

இந்தியச் சூழலில் பொன்னுரங்கம் குமரகுருவும் லோரி கிரேனரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் தனியுரிமையை முதன்மையாக வீடு, வாழிடம் ஆகிய வெளிசார்ந்த ஒன்றாக உணர்கின்றனர் எனக் காட்டியது. 2012இல் அவரும் நிஹாரிகா சச்தேவாவும் 10,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு இத்துறையில் இந்திய அளவில் பெரிய முயற்சி. எனினும், எண்ணிக்கை பெரிதாயினும் வினாநிரலின் எல்லை வினாநிரலின் எல்லையே. அதைக் கடந்தது நித்யா சம்பசிவனும் பிறரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் 199 பேரிடம் நேரில் உரையாடி எழுதப்பட்டது அது. அதில் வரும் பெண்கள் பலரது கைப்பேசி அவர்களுடையது மட்டும் அன்று. கணவர், மாமியார், குழந்தைகள் எனப் பலர் கைக்கு அது போகும். மறுக்கவும் இயலாது, மறுத்தால் ஐயம் எழும். ஆகவே அவர்கள் கைப்பேசியைக் கொடுக்கிறார்கள், கொடுப்பதற்கு முன் சிலவற்றை அழிக்கிறார்கள், சில செயலிகளுக்கு மட்டும் பூட்டிடுகிறார்கள். ஒருவர்க்கு ஒரு கருவி, ஒரு கணக்கு, ஓர் இசைவு என்னும் மேலைக் கணக்கு இங்கே பொருந்தவில்லை. மேலை ஆய்வுகள் 'அறியாமை' என்று அளந்த நடத்தைகளுள் பல, அடுத்திருப்பவரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் நுண்திறன்களாக இவ்வாய்வில் வெளிப்படுகின்றன.

இதனோடு சேர்த்துக் கருதத்தக்கது டானா பாய்டும் ஆலிஸ் மார்விக்கும் அமெரிக்கப் பதின்பருவத்தினரிடம் செய்த ஆய்வு. தாயும் தோழியரும் ஒருங்கே காணும் பக்கத்தில் ஒரு பெண் பாடல் வரி ஒன்றை இடுகிறாள். தாய் அதை மகிழ்ச்சி என்று கொள்கிறாள். பாடல் இடம்பெறும் திரைப்படத்தை அறிந்த தோழியர் அவள் துயரத்திலிருப்பதை உணர்கின்றனர். இவ்விருவரும் இதற்குப் புதுப்பெயர் ஒன்று சூட்டினர். உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற வாசகருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கேட்போர் பலராயிருக்க, பொருள் ஒருவருக்கே சேருமாறு மொழிவது தோழி கூற்றுகளில் நாம் நாள்தோறும் கற்பிப்பதுதான். தனியுரிமை என்பது பூட்டு மட்டுமன்று, மொழித்திறனும் ஆகும் என்பதை இலக்கிய மாணவர் எளிதில் உணர்வர். கணினியியலார் உணர நாளாயிற்று.

பெயரை நீக்கினால் போதுமா?

ஆய்வாளர் தரும் உறுதிமொழிகளில் மிகப் பழகிப்போனது 'பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன' என்பதாகும். இவ்வுறுதிமொழியின் வலுவின்மையை வெளிப்படுத்தியதே இத்துறையின் மிகச் சிறந்த பங்களிப்பு என்பது என் கருத்து.

லட்டான்யா ஸ்வீனியின் பணி இதில் முன்னோடி. 1990களின் இறுதியில், பெயர் நீக்கி ஆய்வாளர்க்கு வழங்கப்பட்ட மாசசூசெட்ஸ் மாநில மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநரின் மருத்துவக் குறிப்பையே அவர் கண்டெடுத்தார். அஞ்சல் எண், பிறந்த நாள், பால் ஆகிய மூன்றும் அதற்குப் போதுமாயின. அமெரிக்க மக்களுள் 87 விழுக்காட்டினரை இம்மூன்றால் தனித்தறியக்கூடும் என அவர் பின்னர் மதிப்பிட்டார். தாமாகப் பெயர் சொல்லாத, ஆயினும் சேர்ந்து நிற்கையில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் குறிகள் இவை.

சமூக ஊடக ஆய்வில் இதன் எதிரொலி 2008இல் கேட்டது. அமெரிக்கச் சமூகவியலார் சிலர் ஒரு கல்லூரியின் முதலாண்டு மாணவர் 1,640 பேரின் ஃபேஸ்புக் தரவைப் பெயர் நீக்கிப் பிற ஆய்வாளர்க்கு வெளியிட்டனர். கல்லூரியின் பெயரும் கூறப்படவில்லை. மைக்கேல் ஸிம்மர் அத்தரவைத் திறக்காமலே, உடன் தரப்பட்ட விளக்கக் குறிப்பேட்டிலிருந்த பாடப்பிரிவுகளின் பெயர்களையும் மாணவர் எண்ணிக்கையையும் கொண்டு அது ஹார்வர்டு என்று கண்டார். தரவு திரும்பப் பெறப்பட்டது. 2010இல் அவர் எழுதிய கட்டுரை மேலும் ஒன்றைச் சுட்டியது. தரவைத் திரட்டிய உதவியாளர்கள் அதே கல்லூரியின் வலையமைப்பைச் சேர்ந்தவர்கள். சக மாணவர்க்கு மட்டும் திறந்திருந்த பக்கங்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அவை 'பொதுத்தரவு' எனக் கணக்கில் சேர்ந்தன. அடுத்து 2009இல் அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் பெயரோ குறிப்போ இல்லாத நட்புத் தொடர்பின் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ட்விட்டர், ஃபிளிக்கர் ஆகிய இரண்டிலும் கணக்குடையோர் எனச் சரிபார்க்கக்கூடியவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரை 12 விழுக்காட்டுப் பிழையளவில் அடையாளம் கண்டனர். யாரோடு யார் தொடர்புடையவர் என்பதே ஒருவருக்கு முகமாகிவிடுகிறது.

தமிழ் மரபில் இதற்கு நிகரான விவாதம் ஒன்று உண்டு. அகத்திணையில் தலைமக்கள் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய நெறி. பெயர் சுட்டினால் அது புறமாகிவிடும். நெடுநல்வாடையில் பாட்டுடைத் தலைவன் பெயர் எங்கும் இல்லை. பிரிவாற்றாத தலைவியும் பாசறைத் தலைவனுமே காட்டப்படுகின்றனர். இருப்பினும், பாசறையில் ஏந்தப்படும் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருத்தலைப் புலவர் குறிப்பிடுகிறார். வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அவ்வொரு குறிப்பினால் தலைவன் இன்னான் என அறியக்கிடத்தலின், இப்பாட்டு அகமாகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் துணிந்தார். இம்முடிவை ஏற்காதோரும் உளர். ஆனால் அவர் கையாண்ட அளவை கூர்மையானது. பெயர் இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. அறிந்தவர் அடையாளம் காண முடியுமா என்று பார்த்தார். ஸ்வீனியின் அஞ்சல் எண்ணும் நக்கீரரின் வேம்பும் செய்யும் வேலை ஒன்றே.

இவ்வொப்பீட்டால் தரவுப் பாதுகாப்பும் நம் முன்னோரிடம் இருந்தது என நிறுவ நான் முற்படவில்லை. அவ்வகைக் கட்டுரைகள் நம்மிடையே வேண்டிய அளவு உள்ளன. அகநெறியின் நோக்கம் காதலை எவர்க்கும் பொதுவாக்குதல். தனிமனிதரைக் காத்தல் அதன் குறிக்கோளாகக் கூறப்படவில்லை. 'பெயர் நீக்கம்' என்னும் கருவியின் போதாமையை நம் உரை மரபு கொண்டே நம் மாணவர்க்குப் புரியவைக்க இயலும் என்பதே இங்குக் கருதப்படுவது.

335 பேரின் இசைவு

பெயர் நீக்கத்துக்கு அடுத்து ஆய்வாளர் பற்றிக்கொள்வது 'இசைவு'. 2013இல் மைக்கேல் கோசின்ஸ்கியும் பிறரும் தாமே முன்வந்த 58,000 பேரின் ஃபேஸ்புக் விருப்பக் குறிகளை மட்டும் கொண்டு அவர்தம் அரசியல் சார்பு, சமயம், பாலியல் நாட்டம் ஆகியவற்றைக் கணிக்கலாம் எனக் காட்டினர். அவர்கள் இசைந்தது குறிகளைத் தருவதற்கு. சொல்லாத ஒன்றை அக்குறிகள் சொல்லிவிடும் என்பதை எத்தனை பேர் எண்ணியிருப்பர்? மறு ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில் அந்த இசைவுகூடப் பெயரளவினதே. ஃபேஸ்புக் நிறுவனம் 2012 சனவரியில் 6,89,003 பயனர்க்குக் காட்டும் செய்திகளில் மகிழ்ச்சியையும் துயரத்தையும் கூட்டிக் குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா எனச் சோதித்தது. நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகளை ஏற்றதே இசைவு எனக் கொள்ளப்பட்டது. கட்டுரையை வெளியிட்ட இதழே பின்னர்த் தன் கவலையைப் பதிவு செய்யவேண்டி வந்தது.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிகழ்வை யாவரும் அரசியல் ஊழலாகவே நினைவுகூர்கின்றனர். அதன் தொடக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் உருவாக்கிய ஆளுமைத் தேர்வுச் செயலி என்பதை ஆய்வுலகம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஃபேஸ்புக் நிறுவனம் 2018 ஏப்ரலில் தந்த கணக்கின்படி, இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர்கள் 335 பேர். தரவு கசிந்திருக்கக்கூடியவர்களோ 5,62,455 பேர். 335 பேர் 'சரி' என்று அழுத்தியதால் அவர்தம் நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திறந்து வைக்கப்பட்டனர். இசைவு தனிமனிதருடையது, தரவு உறவினுடையது என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாக எக்கோட்பாடும் கூறிவிட முடியாது.

இதன் பின்விளைவு ஆய்வுலகைத் திருப்பித் தாக்கியது. தனியுரிமையைக் காரணம் காட்டி நிறுவனங்கள் தரவு வாயில்களை மூடின. ட்விட்டரின் இலவசக் கல்விசார் அணுக்கம் 2023இல் முடிவுற்றது. மெட்டாவின் கிரௌடுடாங்கிள் 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. நிறுவனத்துக்குள் தரவு முன்போலவே பாய்கிறது. வெளியே நின்று அதை ஆராய்பவருக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டது. தனியுரிமை என்னும் சொல் யாருக்குக் கேடயமாகிறது என்பதை ஆராய்பவர் இனியாவது பெருகவேண்டும்.

'பொதுவெளியில் இருந்ததுதானே'

ஆய்வாளரின் இறுதி அரண் இது. ஹெலன் நிசன்பாம் 2004இலும் தொடர்ந்து 2010இல் வெளிவந்த நூலிலும் முன்வைத்த கோட்பாடு இவ்வரணைத் தகர்ப்பது. தகவல் பொதுவா தனியா என்று கேட்பது தவறு. அது எச்சூழலில், யாரிடமிருந்து யாருக்கு, எந்நெறியோடு சென்றது எனக் கேட்கவேண்டும். சூழல் மாற்றிப் பாயும்போதே மீறல் நிகழ்கிறது என்பது அவர் துணிபு. களவியல் உரைகாரர் அம்பலையும் அலரையும் வேறுபடுத்தியதை இங்கு நினையலாம். அம்பல் முகிழ்த்த நிலையிலான பேச்சு. இன்னாரைப் பற்றியது என்பது அதில் தெளிவாகாது. இன்னானுக்கும் இன்னாளுக்கும் என விளங்கச் சொல்லுவது அலர். செய்தி ஒன்றாயினும், பரவும் முறை மாறும்போது அதன் விளைவும் மாறுகிறது. தன் நட்பு வட்டத்தில் ஒரு பெண் இட்ட பின்னூட்டத்தை ஆய்வேட்டில் பெயரோடும் படத்தோடும் ஏற்றுவது அம்பலை அலராக்குவதாகும்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1994இல் நக்கீரன் இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தனியாக விடப்படும் உரிமையை ஏற்றது. பொது ஆவணத்தில் இடம்பெற்ற செய்திக்கு அவ்வுரிமை இல்லை என்றும், பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண் போன்றோர் இதற்கு விலக்கு என்றும் வரம்பிட்டது. 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தது. பொது இடத்தில் இருப்பதனாலேயே ஒருவர் தம் தனியுரிமையை இழப்பதில்லை எனவும் அத்தீர்ப்பு தெளிவுறுத்தியது. ஆறாண்டுகளுக்குப் பின் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ (2023) இவ்விடத்தில் பின்வாங்குகிறது. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது. சமூக ஊடகத்தில் தம் கருத்தை எழுதும் ஒரு பெண்ணையே சட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஆய்வுக்கும் ஆவணக்காப்புக்கும் புள்ளியியலுக்கும் தனி விலக்கும் உண்டு. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் அதற்குச் சில தரநிலைகளை வகுத்துள்ளன.

சட்டக் கட்டுரைகளில் பெரும்பகுதி அரசுக்குத் தரப்பட்ட விலக்குகளையே விவாதிக்கிறது. அது வேண்டுவதே. ஆனால் 'தாமே வெளியிட்டது' என்னும் தொடர் பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை. நட்பு வட்டத்துக்கென இட்டது பொதுவில் வெளியிட்டதாகுமா? பிறர் பதிவின் கீழ் இட்ட பின்னூட்டம்? பின்னர் அழித்தது? சட்டம் தடுக்காததனால் ஆய்வாளர் செய்யலாம் என்பது பெறப்படாது. சட்டம் விட்ட இடத்தில் பொறுப்பு முழுவதும் ஆய்வாளர் தோளில் இறங்குகிறது.

தமிழாய்வின் நிலை

தமிழ்ச் சமூக ஊடகம் பற்றி வந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது ஸ்ரீராம் வெங்கட்ராமனின் நூல் (2017). சென்னையை அடுத்த ஒரு பகுதியில் தங்கி ஆய்ந்த அவர் அதற்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் இட்டார். உறவு, சாதி, அலுவலகம், அயல் ஆகியவை ஒரே திரையில் மேற்கவிந்து நிற்பதை இந்நூல் நன்கு காட்டுகிறது. கணினிவழித் தமிழாய்வில் 2020இல் வெளிவந்த தமிழ்–ஆங்கிலக் கலப்பு மொழித் தொகுப்பு 15,744 யூடியூப் பின்னூட்டங்களைக் கொண்டது. பயனர் விவரங்கள் அதில் நீக்கப்பட்டுள்ளன. ஒரு திரைப்பட முன்னோட்டத்தின் கீழ் எழுதப்பட்ட வாழ்த்தால் எவருக்கும் ஊறு நேராது. இதே முறையைச் சாதி வசவுக்கும் பாலியல் வசவுக்கும் விரிக்கும்போது நிலைமை வேறு. அங்கே எழுதியவர் மட்டுமல்லர், வசைபாடப்பட்டவரும் தரவாகிறார். அவரிடம் இசைவு கேட்பதைப் பற்றி எந்த ஆய்வு முறையியலும் வாய் திறப்பதில்லை.

நம் துறைசார்ந்த ஆய்வேடுகளுக்கு வருவோம். முகநூலைத் தரவாகக் கொண்ட ஏடுகளின் பின்னிணைப்பில் திரைப்பிடிப்புகள் பெயரும் முகமும் தெரிய ஒட்டப்பட்டிருப்பதைக் காணமுடிகிறது. பெயர் மறைக்கப்பட்ட இடத்திலும் மேற்கோள் சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்கிறது. அவ்வாக்கியத்தைத் தேடுபொறியில் இட்டால் எழுதியவரிடமே சென்று சேரலாம். இங்கே வாக்கியமே வேம்பு. 2009ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு நெறிமுறைகளுக்குப் பின் ஆய்வேடுகள் சோத்கங்கா மின்களஞ்சியத்தில் ஏற்றப்படுகின்றன. நூலக அடுக்கில் ஒருசிலர் மட்டும் புரட்டிய காலம் போய்விட்டது. அறிவுப் பரவலுக்கு இது பெருநன்மை. பின்னிணைப்பிலுள்ள பெண்ணுக்கு அவ்வாறு கூற இயலாது. அவர் தம் பதிவை அழித்துவிட்டாலும் ஆய்வேட்டிலிருந்து அதை அழிக்க வழியில்லை.

அனைத்தையும் பெயரின்றித் தருக என்பதும் தீர்வாகாது. முகநூலில் கவிதை எழுதுபவர் படைப்பாளி. அவர் பெயரை நீக்கி 'பயனர் 7' எனக் குறிப்பது அவர் படைப்பைப் பறிப்பதற்கு ஒப்பாகும். தலித் எழுத்தாளரும் பெண் எழுத்தாளரும் நெடுங்காலம் பெயரின்றி விடப்பட்ட வரலாறு நமக்கு உண்டு. காப்பு என்ற பெயரில் அதை மீண்டும் செய்யலாகாது. கவிதையாயின் எழுதியவரிடம் இசைவு பெற்றுப் பெயரோடு எடுத்தாள்வதும், உரையாடலாயின் பொருளைச் சுருக்கித் தருவதும் பொருந்தும் எனத் தோன்றுகிறது. சட்டமன்ற உறுப்பினரோ கட்சிப் பேச்சாளரோ இட்ட வெறுப்புப் பதிவுக்குப் பெயர் மறைக்க வேண்டிய தேவையே இல்லை. அங்கே மறைப்பது அதிகாரத்துக்குத் துணைபோவதாகும். இடர்ப்பாடு மொழியியல் ஆய்வில்தான். கலப்பு மொழியை ஆராய்பவருக்கு எழுத்துப் பிழையும் தரவு. சொல்லை மாற்றினால் ஆய்வே இல்லை. ஆனெட் மார்க்கம் 2012இல் முன்மொழிந்த, மூலத்தை மறுபுனைவு செய்து தரும் முறை இனவரைவியலுக்குப் பொருந்தலாம், உருபனியலுக்குப் பொருந்தாது. அத்தகைய ஏடுகளில் முழுத் தொடரையும் தராமல் ஆய்வுக்கு வேண்டிய சொல்லையும் தொடர்க்கூறையும் மட்டும் தரலாம். முழுத்தரவைத் தேர்வாளர் பார்வைக்கெனத் தனிக்கோவையாகத் துறையில் வைத்து, மின்பதிப்பில் சேர்க்காமல் விடும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகங்கள் பரிசீலிக்கலாம்.

இணைய ஆய்வாளர் கழகம் 2002, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் ஒழுக்க நெறிகளை வகுத்துத் திருத்தியிருக்கிறது. நம் துறைகளில் முன்தகுதிப் பாடமாகக் கற்பிக்கப்படும் ஆய்வு நெறிமுறையும் கருத்துத் திருட்டைத் தடுப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒத்த சொற்களின் விழுக்காட்டை மென்பொருள் கணக்கிட்டுச் சான்றிதழ் தந்துவிடுகிறது. அம்மென்பொருளுக்கு அஞ்சி மேற்கோளைச் சொல் மாறாமல் குறியிட்டுத் தருமாறு மாணவர்க்குக் கூறுகிறோம். மாணவர் அவ்வாறே தருகிறார். வாய்மொழித் தேர்வில் அம்மேற்கோளுக்கு உரியவர் இதை அறிவாரா என்று கேட்கும் தேர்வாளர் இன்னும் அரியர்.